காபிக்கு அழைப்பது எதற்காக? அலுவல் சந்திப்பும் காதல் சந்திப்பும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வழிமுறைகள்

வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையாத காலத்தில், புதிய திட்டம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லி, எங்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் என்னை நுங்கம்பாக்கத்து உணவகம் ஒன்றுக்கு இரவு எட்டு மணிக்கு வரச் சொன்னார். நான் 24 ஸ்லைடுகள் தயார் செய்து, மடிக்கணினிக்கு முழுவதும் சார்ஜ் ஏற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போனேன். அவர் சென்ட் மணக்க வந்திருந்தார். மேசை நடுவில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மடிக்கணினி வைக்க இடம் போதாமல் அந்த மெழுகுவத்தியை நானே ஓரமாக நகர்த்தி வைத்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றிரவு ஆட்டோவில் வீடு திரும்பியபோது வரவில்லை. அப்படி ஒரு திட்டம் உண்மையில் இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பின்னாளில் மனிதவளத் துறைக்கு மாறி, அலுவலகங்களில் 'விசாகா கமிட்டி' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவிலும் சில ஆண்டுகள் உட்கார்ந்த பிறகு, இத்தகைய குழப்பங்கள் எப்படி உருவாகின்றன என்பது ஓரளவு விளங்கியது. மங்கலான அழைப்பு என்பது பெரும்பாலும் கவனக்குறைவால் வருவது அன்று. அழைப்பவருக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது. எதிரில் இருப்பவர் இணங்கிவிட்டால் அது காதல் சந்திப்பு. முகம் சுளித்தால், "நான் வேலை விஷயமாகத்தானே கூப்பிட்டேன், நீங்கள் ஏன் தப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள்" என்று சொல்லிவிடலாம். வெட்கமும் சந்தேகமும் வேலை போய்விடுமோ என்ற அச்சமும் அழைக்கப்பட்டவருக்கு மட்டுமே மிஞ்சுகின்றன. ஆகவே இது எத்தகைய சந்திப்பு என்று முன்கூட்டியே தெளிவுபடுத்தும் கடமை அழைப்பவருடையது. இருவரில் ஒருவருக்கு மற்றவரின் சம்பளம், பதவி உயர்வு, ஒப்பந்தம், வாய்ப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பிடி இருக்குமானால், யார் அழைத்திருந்தாலும் அந்தக் கடமை பிடி வைத்திருப்பவரையே சாரும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த ஓர் எண்ணத்திலிருந்து கிளைத்தவைதான். சென்னையின் அலுவலக வாழ்க்கையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

அழைப்பை எழுதும் முறை

குழப்பத்தில் பெரும்பகுதி முதல் குறுஞ்செய்தியிலேயே பிறந்துவிடுகிறது என்பதால், அதிகக் கவனம் செலுத்த வேண்டிய இடம் இது. "ஃப்ரீயா இருந்தா ஒரு காபி சாப்பிடலாமா?" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் காபி என்பது விருந்தோம்பலின் மிகச் சிறிய அலகு. வீட்டுக்கு வந்த தபால்காரருக்கும் கொடுப்போம், சம்பந்தி வீட்டாருக்கும் கொடுப்போம். அதனாலேயே அந்தச் சொல் எதையும் சுட்டுவதில்லை. அதே செய்தி முற்பகல் பதினொரு மணிக்கு வந்தால் ஒரு பொருள், இரவு பத்தரைக்கு வந்தால் வேறொரு பொருள் என்று, படிப்பவர்தான் கடிகாரத்தைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

அலுவல் சந்திப்புக்கான அழைப்பில் என்ன பேசப் போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், வேறு யார் வருகிறார்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: "வணக்கம் மேடம். உங்கள் குழுவில் அறிவித்திருக்கும் தரவு ஆய்வாளர் பணியைப் பற்றி உங்களிடம் சில சந்தேகங்கள் கேட்க வேண்டும். வரும் வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு உங்கள் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள கஃபேயில் அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா? முடியாவிட்டால் போனில் பேசினாலும் போதும்." இதில் கடைசி வாக்கியம்தான் உயிர்நாடி. எழுதி முடித்த அழைப்பின் இறுதியில் "போனில் பேசினாலும் போதும்" என்று சேர்க்க உங்களுக்கு மனம் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது அந்த விஷயம். வரவில்லை என்றால், உங்களுக்கு வேண்டியது அந்த நபராக இருக்கக்கூடும்; அதைக் குறைந்தபட்சம் உங்களிடமாவது ஒப்புக்கொண்டுவிட்டு, அழைப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மாதிரி எழுதுங்கள்.

அந்த வேறு மாதிரி அழைப்பும் இதே அளவு நேராக இருக்க வேண்டும். "இது வேலை தொடர்பானது இல்லை. உங்களோடு பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. விருப்பம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வெளியே எங்காவது சந்திக்கலாம். இல்லை என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். மறுபடியும் கேட்க மாட்டேன்." இப்படி எழுதக் கூச்சமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூச்சத்தைத் தான் சுமக்க விரும்பாதவர்தான் அதை அழைக்கப்படுபவர் தலையில் இறக்கி வைக்கிறார். இரண்டு அழைப்புகளையும் ஒன்றாகப் பிசைந்து, "ப்ராஜெக்ட் பற்றியும் பேசலாம், அப்படியே கொஞ்சம் ரிலாக்ஸாகவும் இருக்கலாம்" என்று எழுதுவதை எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம். நான் கேட்ட புகார்களில் பல அந்த 'அப்படியே' என்ற சொல்லிலிருந்து தொடங்கியவை.

எந்த வழியாக அழைக்கிறோம் என்பதும் பொருள் தருகிறது. 2003இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் தளம், காதல் நோக்கத்தோடு பிறரை அணுகுவதையும் தோற்றத்தைப் பற்றிப் பாலியல் நோக்கில் பேசுவதையும் தன் நெறிமுறைகளிலேயே தடை செய்திருக்கிறது. அப்படியிருந்தும் அங்கே படத்தை மாற்றிய பெண்களுக்கு வரும் செய்திகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மறுபுறம், காதல் துணை தேடுவதற்காக 2014இல் வந்த பம்பிள் செயலி, 2017இல் தொழில் தொடர்புகளுக்கென்றே 'பிஸ்' என்று ஒரு பிரிவைத் திறந்தது. எந்தப் பிரிவில் நிற்கிறோம் என்பதை அங்கே பயனரே தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. வாட்ஸ்அப்பில் அந்த வசதி இல்லை. ஆகவே அலுவல் சந்திப்பு என்றால் அலுவலக மின்னஞ்சலில் அழையுங்கள், ஒப்புக்கொண்டதும் காலண்டர் இன்வைட் ஒன்றை அனுப்புங்கள். காலண்டர் இன்வைட் அனுப்பிக் காதலைச் சொல்பவர் உலகில் எங்கேனும் இருக்கலாம்; நான் பார்த்ததில்லை. லிங்க்ட்இனில் தொடங்கிய உரையாடல் காரணமில்லாமல் வாட்ஸ்அப்புக்கும், அங்கிருந்து இன்ஸ்டாகிராமுக்கும் நகர்கிறது என்றால், சந்திப்பின் தன்மையும் கூடவே நகர்கிறது என்று இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

விளிச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் எல்லோரையும் ஒரே சொல்லால் முன்னிலைப்படுத்திவிடலாம். தமிழில் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு ஒரு படி இறங்கினாலே இருவருக்கும் இடையிலான தூரம் குறைந்துவிடுகிறது. அலுவலக மேடையில் 'மேடம்' என்றோ பெயரோடு 'நீங்க' சேர்த்தோ பேசியவர், காபிக் கடையில் உட்கார்ந்ததும் 'நீ சொல்லு' என்று தொடங்கினால், அவர் ஏதோ ஒன்றைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டிருக்கிறார். மூத்தவர் என்ற உரிமையில் எல்லோரையும் ஒருமையில் அழைப்பவர்களும் உண்டு, அது வேறு. ஆனால் ஒருவரிடம் மட்டும், தனிமையில் மட்டும் மாறும் ஒருமை கவனத்துக்குரியது. இதற்கு எதிர்த்திசையில், இளம் பெண்கள் பலர் 'அண்ணா' என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்திருப்பதையும் நாம் அறிவோம். அழைப்புக்கு வந்த பதிலில் அதுவரை இல்லாத 'அண்ணா' திடீரென்று முளைத்திருந்தால், அது பாசம் அன்று; அது உங்கள் கேள்விக்கான விடை.

அழைப்பைப் பெற்றவர் செய்யக் கூடியவை

தெளிவுபடுத்துவது அழைத்தவரின் கடமை என்று சொன்னேன். ஆனாலும் எல்லோரும் கடமையைச் செய்வதில்லை என்பதால், அழைக்கப்பட்டவர் தன் கையில் ஒரு கருவி வைத்திருப்பது நல்லது. மறுத்துவிடுவதோ சண்டையிடுவதோ தேவையில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்டால் போதும். "கண்டிப்பாகச் சந்திக்கலாம் சார். என்னென்ன பேசப் போகிறோம் என்று சொன்னீர்கள் என்றால் அதற்கேற்பத் தயாராகி வருகிறேன். எங்கள் டீமிலிருந்து இன்னொருவரையும் அழைத்து வரலாமா?" என்று எழுதிவிட்டு, வரும் பதிலைப் பாருங்கள். வேலைக்காக அழைத்தவர் இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லிவிடுவார், இன்னொருவர் வருவதில் அவருக்கு மகிழ்ச்சியே. வேறு நோக்கம் கொண்டவர், "அதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம், நீங்கள் மட்டும் வாருங்கள்" என்பார், அல்லது அந்தச் சந்திப்பே எப்படியோ தள்ளிப்போய்விடும். பேச்சு உண்மையிலேயே இரகசியமானதாக இருக்கலாம், வேலை மாறுவதைப் பற்றியதாக இருக்கலாம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அப்போதும் அவர் அதைக் காரணமாகச் சொல்ல முடியும்.

இரவு உணவுக்கு அழைத்தால் மதிய உணவைக் கேளுங்கள். ஓட்டல் அறையிலோ அவருடைய வீட்டிலோ என்றால் அந்த ஓட்டலின் லாபியைச் சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. "எனக்கு அதுதான் வசதி" என்பதே நிறைவான காரணம். அழைப்பு காதல் நோக்கிலானது என்று தெரிந்து, உங்களுக்கும் அதில் விருப்பம் இருந்தால், அதையும் அதே தெளிவோடு ஒருமுறை சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை. "இது அலுவலகச் சந்திப்பா, நாம் இருவரும் சும்மா சந்திப்பதா?" என்ற கேள்வியால் நின்றுபோகும் காதல், அந்தக் கேள்வி இல்லாவிட்டாலும் வெகுதூரம் போயிருக்காது.

இடமும் நேரமும்

சென்னைக்காரர்களுக்கு கதீட்ரல் சாலையோரம் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ் இன் நினைவிருக்கும். 1962இல் திறந்து 2008இல் மூடப்பட்ட அந்த இடத்தில், இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. மருந்து நிறுவனப் பிரதிநிதிகள் அன்றைய அறிக்கையை எழுதிக்கொண்டிருப்பார்கள், சினிமாக்காரர்கள் கதை பேசுவார்கள், கார்க்குள் காதலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சர்வர் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் காபி கொண்டுவந்து வைப்பார். ஒரே வளாகத்துக்குள் மூன்று விதமான சந்திப்புகளும் நடந்தன என்றாலும், அலுவல் பேச வந்தவர் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார், மற்றவர்கள் மரத்தடிக் காரில் இருந்தார்கள். இன்றைய கஃபேக்களில் அந்தப் பிரிவினை கிடையாது. மங்கிய விளக்கு, ஆழமான சோபா, சன்னமான இசை ஆகியவற்றோடு வேலை நேர்காணலும் நடக்கிறது, காதலும் நடக்கிறது. ஆகவே இடத்தைத் தேர்வு செய்யும்போது நாமே அந்தப் பிரிவினையைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் இது கடினமானதன்று. அலுவல் சந்திப்பு என்றால் இருவரின் அலுவலகங்களுக்கும் நடுவில், மேசை உயரமாகவும் வெளிச்சமாகவும் உள்ள இடமாக, வேலை நேரத்துக்குள் இருக்கட்டும். ஓஎம்ஆரில் வேலை பார்ப்பவரைப் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு வரச் சொல்லி அரைக்கிலோமீட்டர் நடந்தபடியே ஒப்பந்தம் பேச வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. மாலை ஏழு மணியைத் தாண்டிய சந்திப்பு, மது பரிமாறும் இடம், சனிக்கிழமை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் பரவாயில்லை. இரண்டு சேர்ந்தால் காரணம் சொல்லுங்கள். மூன்றும் சேர்ந்தால் அதை அலுவல் சந்திப்பு என்று சொல்லாதீர்கள். அமெரிக்க வாடிக்கையாளரின் நேரத்துக்கு ஏற்ப இரவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பது தெரியும். அவர்களுக்கு அலுவலக உணவுக்கூடம் இருக்கிறது.

அலுவலகம் என்ற ஒன்றே இல்லாத தொழில்களில்தான் இது சிக்கலாகிறது. திரைத்துறையில் கதை விவாதம் வாடகை அறையில் நடக்கும், வாய்ப்பு ஒரு தொலைபேசி அழைப்பில் வரும், எழுத்தில் எதுவும் இருக்காது. மலையாளத் திரையுலகில் பெண்களின் பணிச்சூழலை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழு 2019 இறுதியில் கேரள அரசிடம் அளித்து, 2024 ஆகஸ்டில்தான் பொதுவெளிக்கு வந்த அறிக்கை, வாய்ப்புக்கும் பாலியல் எதிர்பார்ப்புக்கும் அங்கே எப்படி முடிச்சுப் போடப்படுகிறது என்பதைப் பதிவு செய்தது. ஃப்ரீலான்சாக வேலை செய்யும் வடிவமைப்பாளர், எழுத்தாளர், புகைப்படக் கலைஞர் ஆகியோர் நிலையும் ஏறத்தாழ இதுவே. இவர்கள் முதல் சந்திப்பைக் காணொளியில் வைத்துக்கொள்வதும், பேசியதை அன்றே மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதி அனுப்பிவிடுவதும் நல்ல பழக்கம்.

உட்கார்ந்த பிறகு

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று பொருட்பாலில், அரசனின் மனக்குறிப்பை அறிய வேண்டிய அமைச்சருக்கானது; அது 71ஆம் அதிகாரம். மற்றொன்று காமத்துப்பாலில், 110ஆம் அதிகாரம். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு பாலில் வைக்கப்பட்டிருக்கின்றன. மேலாளரின் முகம் பார்த்து நடந்துகொள்ளும் இளையவரின் கவனத்தைக் காதலின் கவனமாகப் படித்துவிடுவதுதான் அலுவலகங்களில் அடிக்கடி நேரும் பிழை. நீங்கள் சொல்லும் நகைச்சுவைக்கு அவர் சிரிக்கிறார் என்றால், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் சிரிக்காமல் வேறு என்ன செய்வார்? அக இலக்கணத்திலும் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. தலைவன் செய்ய வேண்டிய குறி, அதாவது நீரில் தேங்காய் விழும் ஓசையோ பறவைகள் எழும் ஓசையோ, இயற்கையாகவே நிகழ்ந்துவிட, அதை அவன் வந்த அடையாளம் என்று எண்ணித் தலைவி வெளியே வந்து ஏமாந்து திரும்புவதை 'அல்லகுறி' என்பார்கள். தேங்காய் தானாகவும் விழும்.

ஆகவே, உங்களிடம் அதிகாரம் இருக்கும் சந்திப்பில் புன்னகை, கண் பார்த்துப் பேசுதல், உடனுக்குடன் பதில் அனுப்புதல், பிறந்தநாள் வாழ்த்து ஆகிய எதையும் குறிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை வேலையின் பகுதி. முதல் ஐந்து நிமிடத்துக்குள் பேச வந்த விஷயத்தைத் தொட்டுவிடுங்கள். குறிப்பேட்டையோ மடிக்கணினியையோ திறந்து வையுங்கள். குடும்பம், ஊர், படித்த கல்லூரி பற்றிய பேச்சு நம்மிடையே இயல்பாக வந்துவிடும், அதில் தவறில்லை. "யாரையாவது லவ் பண்றீங்களா?", "வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா?" என்ற கேள்விகள் அந்த வகையில் சேரமாட்டா. தோற்றத்தைப் பற்றிய பாராட்டும் அப்படித்தான்; அவர் தயாரித்த அறிக்கையைப் பாராட்டுங்கள், அணிந்து வந்த புடவையை விட்டுவிடுங்கள்.

இந்த ஊரில் மூன்றாவது வகைச் சந்திப்பு ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. மேட்ரிமோனி தளத்தில் ஜாதகம் பொருந்தி, இரு வீட்டாரும் சம்மதித்து, 'ஒருமுறை நேரில் பேசிப் பாருங்கள்' என்று அனுப்பி வைக்கப்படும் காபிச் சந்திப்பு அது. பேக்கேஜ் எவ்வளவு, ஆன்சைட் வாய்ப்பு உண்டா, ஐந்து ஆண்டுகளில் எங்கே செட்டில் ஆவதாக எண்ணம் என்று கேட்பதால், பக்கத்து மேசையிலிருந்து பார்ப்பவருக்கு அது வேலை நேர்காணலாகவே தோன்றும். வேடிக்கை என்னவென்றால், மூன்றிலும் மிகத் தெளிவாக வரையறுக்கப்பட்ட சந்திப்பு அதுதான்: எதற்காக வந்திருக்கிறோம் என்பது இருவருக்கும், இருவர் வீட்டுக்கும் தெரியும்.

பில்லும் வீடு திரும்புதலும்

அலுவல் சந்திப்பில் அழைத்தவர் கொடுக்கலாம், நிறுவனம் கொடுக்கலாம், ஜிபேயில் பாதி அனுப்பலாம். வேலை தேடி வந்தவரைக் கொடுக்க விடாதீர்கள். கொடுத்ததை ஒரு சலுகையாக நினைவூட்டாதீர்கள். வீட்டில் இறக்கி விடுகிறேன் என்ற யோசனை நல்லெண்ணத்தோடு வருவதே பெரும்பாலும். ஆனால் அதை ஒருமுறை சொல்லி, "வேண்டாம், மெட்ரோவில் போய்விடுவேன்" என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை நீங்கள் அறிய வேண்டிய அவசியம் அலுவல் சந்திப்பில் இல்லை. "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தீர்களா?" என்ற செய்திக்குப் பதிலாக, மறுநாள் காலை, பேசிய விஷயத்தை நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள்.

உண்மையிலேயே விருப்பம் வந்துவிட்டால்

ஒன்றாக வேலை செய்பவர்கள் காதலிப்பது குற்றமன்று. என் நண்பர்களில் பாதிப் பேர் அப்படித்தான் மணம் செய்துகொண்டார்கள். கேள்வி எப்போது, எப்படிச் சொல்வது என்பதுதான். ஒருவர் மற்றவருக்கு நேரடியாக அறிக்கை தரும் நிலையில் இருந்தால், மேலே இருப்பவர் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. அந்த உறவிலிருந்து முதலில் விலகி, வேறு பிரிவுக்கோ வேறு நிறுவனத்துக்கோ போன பிறகு சொல்லலாம். இது மிகையான கண்டிப்பு என்று தோன்றினால், பன்னாட்டு நிறுவனங்கள் எவ்வளவு கடுமையாக இருக்கின்றன என்று பாருங்கள். இன்டெல் நிறுவனத் தலைமை நிர்வாகி பிரையன் கிர்சானிச் 2018 ஜூனில் பதவி விலகியதும், மெக்டொனால்ட்ஸ் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் 2019 நவம்பரில் நீக்கப்பட்டதும், ஊழியர் ஒருவருடன் இருவர் சம்மதத்தோடு இருந்ததாக நிறுவனமே சொன்ன உறவின் காரணமாகத்தான். சம்மதம் இருந்தது என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை, ஏனெனில் மேலே இருப்பவருக்குக் கிடைக்கும் 'சரி' எவ்வளவு சுதந்திரமானது என்பதை வெளியிலிருந்து யாராலும் அளக்க முடியாது.

சமநிலையில் இருக்கும் சக ஊழியர்கள், நிறுவனத்தின் விதி என்ன சொல்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, வேலை நேரத்துக்கு வெளியே, வேலைப் பேச்சோடு கலக்காமல், ஒரே ஒரு முறை கேட்கலாம். "பிறகு பார்க்கலாம்", "இப்போது கொஞ்சம் பிஸி", "வீட்டில் கேட்க வேண்டும்" ஆகிய அனைத்தும் மறுப்பு என்றே கொள்க. நம் பழக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அரிது. வாடிக்கையாளர், விற்பனையாளர், ஃப்ரீலான்சர் ஆகியோரிடம் விருப்பம் கொண்டவர்களுக்கு என் பரிந்துரை எளியது: கடைசி இன்வாய்ஸுக்குப் பணம் வந்து சேரும்வரை வாயைத் திறக்காதீர்கள். நேர்காணல் எடுத்தவர், முடிவு வெளியான பிறகும், நேர்காணலுக்கு வந்தவர் அதே நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் அதன் பிறகும் திறக்க வேண்டாம்.

கோடு தாண்டப்பட்டால்

இந்தியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997 ஆகஸ்டில் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளே பின்னர் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாயின. அந்தச் சட்டத்தில் பணியிடம் என்பது அலுவலகக் கட்டடத்தோடு முடிவதில்லை; வேலையின் பொருட்டு ஊழியர் செல்லும் எந்த இடமும் அதில் அடங்கும், ஆகவே அந்தக் காபிக் கடையும் அடங்கும். விரும்பப்படாத சொல்லும் சைகையும் தொடுகையும் துன்புறுத்தலாகும். இணங்கினால் சலுகை, மறுத்தால் பாதிப்பு என்று மறைமுகமாக உணர்த்துவதையும் சட்டம் தனியே குறிப்பிடுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனம் என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நிகழ்வு நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ்ப் புகார் அளிக்கும் உரிமை பெண்களுக்கு மட்டுமே உள்ளது என்றாலும், பல நிறுவனங்கள் தம் உள்விதிகளில் ஆண்களையும் திருநர்களையும் சேர்த்திருக்கின்றன. விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிவித்த பெண்ணை ஓர் ஆண் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்.

புகார் தரும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும், வந்த செய்திகளை அழிக்காமல் வையுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி, நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அன்றே அனுப்பி வையுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவு மங்கும், கடிதம் மங்காது.

தீய நோக்கமே இல்லாமல் நேரும் குழப்பங்களுக்குச் சட்டம் தேவையில்லை. உடனடியாகத் திருத்திக்கொண்டால் போதும். இதில் எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் குழுவில் காலியான இடத்துக்கு ஓர் இளைஞரை அழைத்துப் பேச எண்ணி, வேலை முடிந்து களைத்திருந்த ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு, "நாளை சாயங்காலம் ஒரு காபி சாப்பிடலாமா?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இந்தக் கட்டுரையில் செய்யாதீர்கள் என்று சொன்ன அத்தனையும் அந்த ஒரு வரியில் இருந்தது. மறுநாள் அவர் இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச் சட்டையோடு, கையில் சிறு சாக்லெட் பெட்டியோடு வந்து நின்றார். நான் பணியிடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அந்தப் பெட்டி மெல்ல மேசைக்குக் கீழே போனது. நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். அன்றிரவு முழுவதும் அது உறுத்தியது. காலையில் அலுவலக மின்னஞ்சலிலிருந்து எழுதினேன்: "நேற்று அழைத்தபோது எதற்காகச் சந்திக்கிறோம் என்பதை நான் தெளிவாக எழுதவில்லை. தவறு என்னுடையது. பணியிடம் குறித்துப் பேசவே அழைத்தேன். உங்களுக்குச் சங்கடம் ஏற்பட்டிருந்தால் மன்னியுங்கள். விண்ணப்பிப்பதும் விடுவதும் முழுக்க உங்கள் விருப்பம். நேர்காணலை என் சக ஊழியர் எடுப்பார்."

பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது. "பரவாயில்லை மேடம். பணி விவரம் அனுப்பி வையுங்கள்."